ஒவ்வாமையும் மரபணுத் திறவுகோல்களும்

வீட்டுத்தூசு அனைவர் மூக்கினுள்ளும் நுழைகிறது. ஆயினும் சிலரே தும்முகின்றனர். வேர்க்கடலையைப் பலர் விரும்பி உண்கின்றனர். சிலருக்கு அதுவே உயிருக்கு ஊறு விளைவிக்கிறது. வெளியிலிருந்து வரும் பொருள் ஒன்றாக இருக்க, உடலின் மறுமொழி ஏன் வேறுபடுகிறது? இவ்வினாவிற்குரிய விடையின் ஒரு பெரும்பகுதி, நோய்த்தடைகாப்புச் செல்களின் உட்கருவில் நிகழும் ‘படியெடுத்தல்’ என்னும் செயலில் அடங்கியுள்ளது. அச்செயலை நெறிப்படுத்தும் புரதங்களையும், அவற்றை அறிந்ததால் மருத்துவம் அடைந்த பயனையும் இப்பாடம் விளக்குகிறது.

ஒவ்வாமை: சொல்லும் வரலாறும்

‘ஒவ்வு’ என்னும் வினையடியிலிருந்து பிறந்த எதிர்மறைத் தொழிற்பெயர் ஒவ்வாமை. பொருந்தாமை, உடன்படாமை என்பன இதன் பொருள்கள். மருத்துவத்தில் இச்சொல் இன்னும் நுட்பமான பொருளில் ஆளப்படுகிறது. தீங்கற்ற ஒரு பொருளை உடலின் நோய்த்தடைகாப்பு மண்டலம் தீங்குடையதெனக் கொண்டு எதிர்ப்பதே ஒவ்வாமை எனப்படும். 1906 ஆம் ஆண்டு வியன்னாவைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் வான் பிர்க்கே, ‘வேறு’, ‘செயல்’ எனப் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களை இணைத்து ‘அலர்ஜி’ என்னும் சொல்லை உருவாக்கினார். முன்னர் ஒருமுறை சந்தித்த பொருளை மீண்டும் சந்திக்கும்போது உடல் மாறுபட்ட முறையில் வினைபுரிவதை அவர் அச்சொல்லால் குறித்தார்.

அவ்வினைக்குக் காரணமான எதிர்ப்பொருள் எது என்பது ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் கழித்தே தெளிவாயிற்று. அமெரிக்காவில் பணியாற்றிய கிமிஷிகே இஷிசாகா, டெருகோ இஷிசாகா இணையரும், சுவீடன் நாட்டின் ஹான்ஸ் பென்னிக், குன்னர் யோஹான்சன் ஆகியோரும் 1960களின் பிற்பகுதியில் தனித்தனியே அதனைக் கண்டறிந்தனர். 1968 இல் அதற்கு ‘இம்யூனோகுளோபுலின்-இ’ என்னும் பெயர் வழங்கப்பட்டது. இவ்வெதிர்ப்பொருள், தோலிலும் மூச்சுப்பாதையிலும் குடலிலும் காவல் புரியும் மாஸ்ட் செல்களின் மேற்பரப்பில் பதிந்திருக்கும். ஒவ்வாமைத் தூண்டி அதனோடு பிணையும்போது, மாஸ்ட் செல் தன் துகள்களில் சேமித்து வைத்துள்ள ஹிஸ்டமினைச் சில நிமிடங்களுக்குள் வெளியிடுகிறது. தும்மலும் அரிப்பும் தடிப்பும் இதன் விளைவுகளே.

இனி எழும் வினா, இம்யூனோகுளோபுலின்-இ உருவாகுமாறு ஆணையிடுவது யார் என்பதாகும்.

ஆணையிடும் செல்கள்

குருதியிலுள்ள வெள்ளையணுக்களுள் ஒருவகை டி லிம்போசைட்டுகள். அவற்றுள் ‘உதவி டி செல்கள்’ நேரடியாகப் போரிடுவதில்லை. பிற செல்களுக்குச் செய்தி அனுப்பி அவற்றைச் செயற்படச் செய்கின்றன. செய்தியைச் சுமந்து செல்லும் சிறு புரதங்களே சைட்டோகைன்கள். 1986 இல் திமத்தி மோஸ்மன், ராபர்ட் காஃப்மன் ஆகியோரின் குழு, சுண்டெலிகளின் உதவி டி செல்களை அவை சுரக்கும் சைட்டோகைன்களைக் கொண்டு இருவகையாகப் பிரிக்கலாம் என்று காட்டியது. முதல் வகை இன்டர்ஃபெரான்-காமாவைச் சுரந்து, செல்களுக்குள் மறைந்து வாழும் நுண்ணுயிரிகளுக்கு எதிராகச் செயற்படும். ஒவ்வாமையோடு நெருங்கிய தொடர்புடையது இரண்டாம் வகையாகும்.

இரண்டாம் வகைச் செல்கள் சுரப்பவற்றுள் மூன்று முதன்மையானவை. இன்டர்லூக்கின்-4, பி செல்களை இம்யூனோகுளோபுலின்-இ உருவாக்கும்படி மாற்றுகிறது. இன்டர்லூக்கின்-5, ஈசினோஃபில் என்னும் வெள்ளையணுக்களைப் பெருக்கி, நெடுநாள் வாழச் செய்கிறது. இன்டர்லூக்கின்-13, மூச்சுக்குழலில் சளியை மிகுவித்து, சிறு தூண்டலுக்கும் அக்குழல் சுருங்கும் நிலையை உண்டாக்குகிறது. ஆஸ்துமா, ஒவ்வாமைச் சளி, தோல் அழற்சி ஆகியன வெவ்வேறு இடங்களில் தோன்றும் நோய்கள். எனினும் அவற்றின் பின்னணியில் இம்மூன்று செய்திகளின் மிகுதியைப் பெரும்பாலும் காணலாம்.

ஏடும் படியும்

உதவி டி செல்களின் இருவகைகளும் ஒரே மரபுச் செய்தியைத்தான் கொண்டுள்ளன. முதல் வகைச் செல்லிலும் இன்டர்லூக்கின்-4 மரபணு உண்டு. ஆனால் அது பேசுவதில்லை. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளப் படியெடுத்தல் பற்றி அறிதல் வேண்டும்.

பழைய ஓலைச்சுவடியொன்றைப் படியெடுக்கும் முறையை எண்ணிப் பாருங்கள். சுவடி, மரச்சட்டங்களுக்கிடையே கயிற்றால் இறுகக் கட்டப்பட்டிருக்கும். படியெடுப்பவர் கட்டை அவிழ்த்து, உரிய ஏட்டைக் கண்டறிந்து, அதனைப் பார்த்து வேறோர் ஏட்டில் எழுதுவார். மூலஏடு இருந்த இடத்திலேயே இருக்கும். படியே வெளியே செல்லும். செல்லில் நிகழ்வதும் ஏறத்தாழ இதுவே. ஒரு செல்லின் டிஎன்ஏவை நீட்டினால் ஏறத்தாழ 2 மீட்டர் நீளம் இருக்கும். அது ஹிஸ்டோன் என்னும் புரதங்களின் மீது சுற்றப்பட்டு உட்கருவுக்குள் அடங்கியுள்ளது. இறுகச் சுற்றப்பட்ட பகுதியிலுள்ள மரபணுவைப் படிக்க இயலாது. கட்டுத் தளர்ந்த பகுதியிலுள்ள மரபணுவிலிருந்து ஆர்என்ஏ என்னும் படி எடுக்கப்படுகிறது. அப்படி உட்கருவை விட்டு வெளியேறி, புரத உருவாக்கத்திற்கு வழிகாட்டுகிறது.

எந்த ஏட்டை எப்போது, எவ்வளவு படியெடுப்பது என்பதைத் தீர்மானிக்கும் புரதங்களே படியெடுத்தல் காரணிகள். மனித மரபுத்தொகுதியில் இத்தகைய காரணிகள் ஏறத்தாழ 1,600 உள்ளன. அவை ஒவ்வொன்றும் டிஎன்ஏவில் ஒரு குறிப்பிட்ட எழுத்துத் தொடரை இனங்கண்டு பற்றிக்கொள்ளும். அவ்விடம் மரபணுவுக்கு அருகிலும் இருக்கலாம். பல்லாயிரம் எழுத்துகள் தள்ளியும் இருக்கலாம். டிஎன்ஏ வளைந்து மடிவதால் தொலைவிலுள்ள பகுதியும் மரபணுவை நெருங்கி வந்து சேர்கிறது.

மூன்று திறவுகோல்கள்

இன்டர்லூக்கின்-4, 5, 13 ஆகியவற்றின் மரபணுக்கள் மனிதரின் ஐந்தாம் குரோமோசோமில் ஒரே பகுதியில் அமைந்துள்ளன. இடையே ‘ராட்-50’ என்னும் மரபணு உள்ளது. அது பழுதுற்ற டிஎன்ஏவைச் சீராக்கும் பணிக்குரியது. ஒவ்வாமையோடு அதன் புரதத்திற்கு நேரடித் தொடர்பில்லை. ஆயினும், அம்மரபணுவின் ஒரு முனைப்பகுதிக்குள்தான் பக்கத்திலுள்ள சைட்டோகைன் மரபணுக்களை ஒருங்கே கட்டுப்படுத்தும் டிஎன்ஏப் பகுதி அமைந்துள்ளது. ஒரே சுவடிக்கட்டில் அடுத்தடுத்து வைக்கப்பட்ட ஏடுகளைப் போல, கட்டை அவிழ்த்தால் மூன்றும் சேர்ந்தே வெளிப்படுகின்றன. அக்கட்டை அவிழ்ப்பதில் மூன்று காரணிகள் முதன்மையான பங்கு வகிக்கின்றன.

முதலாவது, என்ஃபேட். டி செல்லின் ஏற்பி தனக்குரிய எதிர்ப்பொருள் தூண்டியைக் கண்டவுடன், செல்லினுள் கால்சியத்தின் அளவு உயர்கிறது. கால்சியம், ‘கால்சினியூரின்’ என்னும் நொதியைத் தூண்டுகிறது. அந்நொதி, என்ஃபேட் புரதத்தில் ஒட்டியுள்ள பாஸ்பேட் தொகுதிகளை நீக்குகிறது. அதுவரை செல்லின் புறப்பகுதியில் காத்திருந்த என்ஃபேட், உடனே உட்கருவுக்குள் நுழைகிறது. இது ‘பகை வந்தது’ என்னும் பொதுவான அறிவிப்பு மட்டுமே. எந்தச் சைட்டோகைனைச் சுரக்க வேண்டும் என்பதை என்ஃபேட் தனித்து முடிவு செய்வதில்லை. எந்த ஏடு ஏற்கெனவே அவிழ்க்கப்பட்டுள்ளதோ அதனைப் படியெடுக்கவே அது துணைநிற்கிறது.

இரண்டாவது, ஸ்டாட்-6. செல்லின் வெளியிலுள்ள இன்டர்லூக்கின்-4, தன் ஏற்பியோடு இணையும்போது இக்காரணி பாஸ்பேட் ஏற்று, இரண்டிரண்டாக இணைந்து உட்கருவுக்குள் செல்கிறது. அங்கு அது தூண்டும் மரபணுக்களுள் தலையாயது மூன்றாவது காரணியின் மரபணுவாகும்.

அம்மூன்றாவது காரணியே காட்டா-3. டிஎன்ஏவின் எழுத்துகளில் ஜி, ஏ, டி, ஏ என்னும் தொடரைப் பற்றிக்கொள்வதால் இக்காரணிக் குடும்பம் இப்பெயர் பெற்றது. 1997 இல் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வெய்-பிங் ஜெங், ரிச்சர்ட் ஃபிளாவெல் ஆகிய இருவரும் இதன் பங்கை ஆய்வு செய்தனர். காட்டா-3 இரண்டாம் வகைச் செல்களில் உள்ளது என்பதைக் கண்டதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. ஒரு பொருள் ஓரிடத்தில் இருப்பதாலேயே அதுவே காரணம் ஆகிவிடாது அன்றோ? எனவே இருவழிகளில் சோதித்தனர். இரண்டாம் வகைச் செல்களில் காட்டா-3 உருவாகாமல் தடுத்தபோது, அவ்வகைக்குரிய சைட்டோகைன்களின் உற்பத்தி குறைந்தது. முதல் வகையாக வளர்ந்துகொண்டிருந்த செல்களில் காட்டா-3ஐ மிகச் செய்தபோது, அவற்றில் இரண்டாம் வகைச் சைட்டோகைன்களின் மரபணுக்கள் வெளிப்பட்டன. நீக்கினால் விளைவு மறைதல், சேர்த்தால் விளைவு தோன்றுதல் என்னும் இரண்டும் அமைந்தமையால் காட்டா-3இன் பங்கு உறுதியாயிற்று. அதே ஆண்டில் அனுராதா ரே உள்ளிட்டோரின் குழுவும், இன்டர்லூக்கின்-5 மரபணுவை இக்காரணி கட்டுப்படுத்துவதைத் தனியே வெளிப்படுத்தியது.

தன்னைத் தானே வளர்க்கும் சுழல்

மேற்கூறிய காரணிகளை வரிசையாக இணைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். இன்டர்லூக்கின்-4, ஸ்டாட்-6ஐத் தூண்டுகிறது. ஸ்டாட்-6, காட்டா-3ஐ மிகுவிக்கிறது. காட்டா-3, இன்டர்லூக்கின்-4 மரபணுவைத் திறக்கிறது. அவ்வாறு சுரந்த இன்டர்லூக்கின்-4 மீண்டும் ஸ்டாட்-6ஐத் தூண்டுகிறது. அன்றியும், காட்டா-3 தன் மரபணுவையே தூண்டிக்கொள்ளவும் வல்லது. இவ்வாறு தொடக்கத்தில் சிறிதாக இருந்த சாய்வு, சுழலுக்குள் சுழன்று வலுப்பெறுகிறது.

முதல் வகைச் செல்லில் இதற்கு எதிரான ஓர் அமைப்பு உண்டு. 2000 ஆம் ஆண்டில் லாரி கிளிம்ச்சர் குழுவினர் கண்டறிந்த ‘டி-பெட்’ என்னும் காரணி, இன்டர்ஃபெரான்-காமா மரபணுவைத் திறப்பதோடு காட்டா-3இன் செயலையும் தடுக்கிறது. காட்டா-3உம் எதிர்த்தரப்பின் வளர்ச்சியை ஒடுக்குகிறது. எனவே தொடக்கத்தில் இருவழியும் திறந்திருந்த டி செல், பெரும்பாலும் ஏதேனும் ஒரு வழியில் நிலைபெறுகிறது. இவ்விரண்டும் எல்லை மீறாதவாறு அடக்குபவை ‘நெறிப்படுத்தும் டி செல்கள்’. அவற்றின் அடையாளக் காரணி ஃபாக்ஸ்பி-3 ஆகும். அக்காரணியின் மரபணு பழுதுற்றுப் பிறக்கும் குழந்தைகளுக்குக் கடுமையான தன்தடைகாப்பு நோயோடு, தோல் அழற்சியும் இம்யூனோகுளோபுலின்-இ மிகுதியும் காணப்படுகின்றன.

செல் பிரிந்து பெருகும்போதும் அவிழ்ந்த கட்டு அவிழ்ந்தவாறே சேய்செல்களுக்குச் செல்கிறது. மறதியற்ற இந்நினைவே, ஒவ்வாமை ஆண்டுக்கணக்கில் நீடிப்பதற்கு ஒரு காரணம். அறிகுறி இல்லாத நாள்களிலும் அச்செல்கள் உடலில் இருக்கின்றன.

> தெரிந்து தெளிவோம்
> படியெடுத்தல் காரணியில் நேரும் சிறுமாற்றமும் வாழ்நாள் முழுவதையும் பாதிக்கக்கூடும். 2023 இல் கனடாவைச் சேர்ந்த ஸ்டூவர்ட் டர்வே தலைமையிலான பன்னாட்டுக் குழு, 10 குடும்பங்களைச் சேர்ந்த 16 பேரின் மரபணுக்களை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. அவர்கள் அனைவரும் இளமையிலேயே கடும் ஒவ்வாமை நோய்களுக்கு ஆளானவர்கள். அவர்களிடம் ஸ்டாட்-6 மரபணுவில் ஏற்பட்ட மாற்றங்கள், அக்காரணியை அளவுக்கு மீறிச் செயற்படச் செய்தன.

ஒரே ஏட்டைப் படிக்கும் பிற செல்கள்

ஒவ்வாமைச் சைட்டோகைன்களை உதவி டி செல்கள் மட்டுமே சுரப்பதில்லை. மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமினை வெளியிட்டதோடு ஓய்ந்துவிடுவதில்லை. அவற்றின் உட்கருவிலும் என்ஃபேட் நுழைந்து சைட்டோகைன் மரபணுக்களைப் படியெடுக்கச் செய்கிறது. சேமித்ததை வெளியிடச் சில நிமிடங்கள் போதும். புதிதாகப் படியெடுத்துப் புரதமாக்கச் சில மணி நேரம் வேண்டும். ஒவ்வாமைத் தூண்டியைச் சுவாசித்தவருக்கு உடனே ஒருமுறையும், பல மணி நேரம் கழித்து மறுமுறையும் மூச்சிறைப்பு ஏற்படுவது உண்டு. இரண்டாம் கட்டம், இவ்வாறு புதிதாகத் தோன்றிய செய்திகளாலும் அவற்றால் ஈர்க்கப்பட்டு வந்த ஈசினோஃபில் முதலிய செல்களாலும் நிகழ்வதாகும்.

2010 ஆம் ஆண்டளவில் ஜப்பான், இங்கிலாந்து, அமெரிக்கா ஆகிய நாடுகளின் ஆய்வாளர்கள் மற்றொரு செல்வகையை அடையாளம் கண்டனர். ‘இரண்டாம் வகை இயல்பு லிம்பாய்டு செல்கள்’ என்பது அவற்றின் பெயர். குறிப்பிட்ட தூண்டியை இனங்காணும் ஏற்பி அவற்றிற்கு இல்லை. மூச்சுக்குழலின் உட்படலம் காயமுறும்போது வெளிப்படும் இன்டர்லூக்கின்-33 போன்ற அபாய அறிவிப்புகளைக் கேட்டு, அவை இன்டர்லூக்கின்-5, 13 ஆகியவற்றைப் பெருமளவில் சுரக்கின்றன. இவற்றின் வளர்ச்சிக்கும் செயலுக்கும் காட்டா-3 இன்றியமையாதது. பிறப்பால் வேறுபட்ட இரு செல்கள், ஒரே திறவுகோலால் ஒரே சுவடியைத் திறக்கின்றன.

இவ்வமைப்பு எதற்காக?

துன்பம் தருவதற்கென்றே உடலில் ஓர் அமைப்பு தோன்றியிருக்குமா என்னும் ஐயம் எழலாம். இவ்வமைப்பின் பயனை ஒட்டுண்ணிப் புழுக்களிடம் காணலாம். புழு, ஒரு செல்லால் விழுங்கமுடியாத அளவு பெரியது. எனவே சளியைப் பெருக்கி, குடல் தசையைச் சுருக்கி, அதனை வெளியே தள்ளுவதே உடலுக்கு ஏற்ற வழி. ஸ்டாட்-6 இல்லாத சுண்டெலிகளால் குடலில் தங்கும் ஒருவகை உருளைப்புழுவை வெளியேற்ற இயலவில்லை என்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. தேசியக் குடற்புழு நீக்க நாளன்று பள்ளிகளில் அல்பெண்டசோல் மாத்திரை வழங்கப்படுவதை நீங்கள் அறிவீர்கள். அம்மாத்திரை எதிர்க்கும் அதே பகைவனை எதிர்க்கவே இத்திறவுகோல்களும் பயன்படுகின்றன. மகரந்தத்தையும் தூசுப்பூச்சியின் புரதத்தையும் அவ்வாறே பகையெனக் கொள்ளும்போது அது ஒவ்வாமை ஆகிறது.

மருந்துகள் செயற்படும் இடங்கள்

இதுவரை கண்ட பாதையின் வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு மருந்துகள் செயற்படுகின்றன. ஹிஸ்டமின் எதிர்ப்பு மாத்திரை, வெளிவந்துவிட்ட ஹிஸ்டமினின் விளைவை மட்டும் தடுக்கிறது. டேக்ரோலிமஸ் களிம்பு, கால்சினியூரினைத் தடுத்து என்ஃபேட் உட்கருவுக்குள் நுழையாமல் செய்கிறது. எனவே தோல் அழற்சிக்கு அது பயன்படுகிறது. இன்டர்லூக்கின்-4, 13 ஆகிய இரண்டிற்கும் பொதுவான ஏற்பிப்பகுதியை மறைக்கும் டுபிலுமாப் என்னும் எதிர்ப்பொருள் மருந்து, ஸ்டாட்-6 தூண்டப்படுவதையே தடுக்கிறது. அமெரிக்காவில் 2017 இல் தோல் அழற்சிக்கும் 2018 இல் ஆஸ்துமாவிற்கும் இதற்கு ஒப்புதல் கிடைத்தது.

ஆஸ்துமா உள்ளோர் பயன்படுத்தும் உறிஞ்சிகளில், அதாவது இன்ஹேலர்களில், இருவகை மருந்துகளின் வேறுபாட்டை அறிதல் மிகவும் தேவையானது. சால்பூட்டமால் போன்ற விரைவு நிவாரணி, மூச்சுக்குழலின் தசையைத் தளர்த்துகிறது. சில நிமிடங்களில் மூச்சு எளிதாகிறது. ஆனால் உட்கருவில் நடைபெறும் படியெடுத்தலை அது நிறுத்துவதில்லை. உறிஞ்சும் ஸ்டீராய்டு மருந்து செயற்படும் முறை வேறு. அது செல்லுக்குள் சென்று தன் ஏற்பியோடு இணைகிறது. அந்த ஏற்பியே ஒரு படியெடுத்தல் காரணி. அது உட்கருவினுள் புகுந்து, அழற்சியைத் தூண்டும் மரபணுக்கள் படியெடுக்கப்படுவதைக் குறைக்கிறது. ஏற்கெனவே உருவான புரதங்கள் தீர்ந்து, வீங்கிய உட்படலம் வடிய வேண்டுமாதலால் முழுப்பயன் தெரிய நாள்களோ வாரங்களோ ஆகும்.

‘உறிஞ்சினால் உடனே பயன் தெரியவில்லை, ஆகவே அது வீண்’ என்றும், ‘மூச்சுத் திணறல் நின்றுவிட்டது, இனி மருந்து வேண்டா’ என்றும், ‘இது பழகிவிடும்’ என்றும் கூறித் தடுப்பு மருந்தைக் கைவிடுவோர் பலர். படியெடுத்தலை அறிந்தவர் இம்மூன்றிலும் உள்ள பிழையை எளிதில் உணர்வர். அறிகுறி மறைந்த நாளிலும் காட்டா-3 உள்ள செல்கள் மூச்சுக்குழலில் காத்திருக்கின்றன. விரைவு நிவாரணியை மட்டுமே நம்பியிருப்பது பாதுகாப்பானதன்று எனக் கருதி, 12 வயதுக்கு மேற்பட்ட ஆஸ்துமா நோயாளிகளுக்கு அதனைத் தனித்து அளிக்கும் முறையைக் கைவிடுமாறு ‘ஆஸ்துமாவிற்கான உலகளாவிய முன்முயற்சி’ என்னும் பன்னாட்டு அமைப்பு 2019 இல் பரிந்துரைத்தது. மருந்தைத் தொடங்குவதும் குறைப்பதும் நிறுத்துவதும் மருத்துவரின் அறிவுரைப்படியே நிகழ வேண்டும்.

திறவுகோலையே நீக்கலாமா?

காட்டா-3தான் மூலம் எனில், அதனை முற்றிலும் அழித்துவிடலாமே என்று தோன்றலாம். ஆனால் இயற்கை ஒரே திறவுகோலைப் பல அறைகளுக்குப் பயன்படுத்துகிறது. கருவளர்ச்சியின்போது உட்செவி, சிறுநீரகம், பாராதைராய்டு சுரப்பி ஆகியவை உருவாகவும் காட்டா-3 தேவை. இம்மரபணுவின் இரு படிகளில் ஒன்று பழுதுற்றுப் பிறப்போர்க்குக் காதுகேளாமையும் சிறுநீரகக் குறைபாடும் பாராதைராய்டு குறைபாடும் ஏற்படுகின்றன. டி செல்கள் தைமஸ் சுரப்பியில் முதிர்ச்சி அடைவதற்கும் இக்காரணி வேண்டும்.

ஆகவே, வேண்டிய இடத்தில் மட்டும் அதனைத் தணிக்கும் வழிகளை ஆய்வாளர்கள் நாடுகின்றனர். 2015 இல் ஜெர்மனியின் ஆய்வாளர்கள், காட்டா-3இன் ஆர்என்ஏ படியை வெட்டும் திறனுடைய ஒரு டிஎன்ஏ மூலக்கூறை உறிஞ்சு மருந்தாக அளித்துச் சோதித்தனர். ஒவ்வாமை ஆஸ்துமா உள்ள 40 பேர் அவ்வாய்வில் பங்கேற்றனர். 28 நாள்களுக்குப் பின் ஒவ்வாமைத் தூண்டியைச் சுவாசிக்கச் செய்தபோது, மருந்து பெற்றோரிடம் பிற்பட்ட மூச்சிறைப்பு 34 விழுக்காடு குறைந்திருந்தது. போலி மருந்து பெற்றோரிடம் அவ்வாறு குறையவில்லை. ஏடு அவ்வாறே இருக்க, எடுத்த படியை மட்டும் அழிக்கும் முறை இது. சிறு ஆய்வேயாயினும், படியெடுத்தல் காரணியை மூச்சுப்பாதையிலேயே குறிவைக்க இயலும் என்பதை இது காட்டியது.

தும்மலும் இளைப்பும் ஒருவரின் பலவீனமோ, மனத்தின் கற்பனையோ அல்ல. அவை உட்கருவில் சில ஏடுகள் திறந்துகிடப்பதன் வெளிப்பாடு. வகுப்பில் உடன் பயிலும் ஒருவர் உறிஞ்சியைப் பயன்படுத்தும்போது அதனைக் கேலிக்குரியதாகவோ மறைத்தற்குரியதாகவோ எண்ணாமல், அவருடைய செல்களில் ஒரு கட்டு மீண்டும் முறையாகக் கட்டப்படுகிறது என்று எண்ணுதலே அறிவியல் கற்றோர்க்கு அழகு.